சென்னியப்பன் எக்செல் படிச்சுட்டு வந்த கதை

கரூரில் பஸ்ஸுக்கு பாடி கட்டும் பட்டறை ஒன்று. கீழே தகரம் தட்டுகிற சத்தம், மாடியில் ஆபீசு. அந்தத் திங்கட்கிழமை காலையில் மானேஜர் சென்னியப்பன் மாடிக்கு எழுந்தருளினார். ஏறி வந்தார் என்று சொன்னால் அது அவரைக் குறைத்துப் பேசியதாகிவிடும். கோயமுத்தூரில் எக்செல் உயர்நிலைப் பயிற்சி முடித்துவிட்டு வந்த மனுசர். பயிற்சிக்காரர்கள் கழுத்தில் மாட்டிவிட்ட அட்டையை ஞாயிற்றுக்கிழமை குளிக்கும்போதாவது கழற்றினாரா என்பது அவர் சம்சாரத்துக்கே வெளிச்சம்.

பில்லிங் பார்க்கிற கோகிலவாணி தலையைத் தூக்கி ஒரு பார்வை பார்த்தாள், மறுபடி திரைக்குள் போய்விட்டாள். அந்தப் பயிற்சிக்குத் தன்னை அனுப்பச் சொல்லி முதலாளி அர்த்தநாரியிடம் அவள் நடையாய் நடந்திருந்தாள். "ஆகட்டும் அம்மணி" என்று முதலாளியும் சொன்னார். ஆனது என்னவோ சென்னியப்பனுக்கு. முதலாளி சம்சாரத்துக்கு அவர் பெரியப்பா மகன். கம்ப்யூட்டரில் அதுவரை அவர் செய்த பெரிய வேலை, கைக்குட்டையால் திரையைத் துடைப்பது. அதற்கு மேற்பட்ட படிப்புக்கு அவரை விட்டால் வேறு யார்?

கோகிலவாணிக்கு அன்றைக்கு உயிர் போகிற வேலை. சாயங்காலம் பரமத்தியிலிருந்து ஒரு பள்ளிக்கூடத்துத் தாளாளர் வருகிறார். புதிதாக வாங்கிய பஸ்களுக்கு பாடி கட்ட வேண்டும். வந்ததும் விலை சொல்ல வேண்டும். பஸ்ஸுக்கு வேண்டிய சாமான்கள் ஒரு பட்டியலில் இருந்தன, அவற்றின் புது விலைகள் வேறொரு பட்டியலில் முன்பின்னாகக் கிடந்தன. இந்தப் பெயரை அங்கே தேடிப் பிடித்து, அதற்கு நேரே இருக்கிற விலையை எடுத்துவர எக்செல்லில் வீ-லுக்அப் என்று ஒரு சூத்திரம் உண்டு. அதை அவள் செல்போன் வீடியோ பார்த்தே பாதி பழகியிருந்தாள். கடைசியாக இன்னும் ஒன்று போட வேண்டும் என்று வீடியோக்காரன் சொன்னான். அது என்னவென்று சொல்ல வாயெடுத்த நேரம் போனில் டேட்டா தீர்ந்தது. ஆபீசு நெட்டும் காலையிலிருந்து இல்லை. அந்தக் கடைசி ஒன்றைப் போடாமல் தட்டிப் பார்த்தாள். திருகாணிக்கு நேரே டிரைவர் சீட்டு விலை வந்து உட்கார்ந்தது. முன்கண்ணாடி வெறும் வாசர் வளையத்தின் விலைக்கு இறங்கியது.

போன தடவை விலை தப்பாகப் போய் ஆர்டர் எதிர்ப் பட்டறைக்குப் போயிற்று. தப்பான விலையை வாயால் சொன்னவர் சென்னியப்பன். திட்டு வாங்கினவள் கோகிலவாணி.

அதனால் மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது, ரோசத்தை ஒரு ஓரமாக வைத்துவிட்டுக் கேட்டாள்.

"ஏனுங்ணா, ஒரே ஒரு சந்தேகமுங்க. வீ-லுக்அப்புல கடைசியா ஒண்ணு போடோணுமாமே, அது என்னதுங்ணா?"

சென்னியப்பன் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார்.

"வீ-லுக்அப்பா? அதெல்லாம் மொத நாள் காப்பிக்கு முன்னாலயே முடிஞ்சுது அம்மணி. சொல்லிக் குடுத்த மேடம், எதை வேணாலும் தேடலாம்னாங்க. எதை வேணாலுமான்னு கேட்டேன். ஆமாங்கன்னாங்க. அவங்க அம்மா ஒரு கல்யாணத்துல தோடு ஒண்ணைத் தொலைச்சுப்போட்டு பன்னண்டு வருசமா அழுதுட்டு இருக்கறாங்களாமா. நான் ஒரே தட்டு. பதில் வந்து நிக்குது பாரு, 'அன்னூர், சின்னம்மா வீடு, உப்பு ஜாடிக்கு அடியில'ன்னு! உடனே போனைப் போட்டாங்க. தோடு இருந்துது."

ஸ்டோர்ஸ் பார்க்கும் யூசுப் பாய் எதிரே உட்கார்ந்து முட்டையை உரித்துக்கொண்டிருந்தார். நிமிராமலே கேட்டார். "பன்னண்டு வருசமா அந்த வீட்ல யாருமே உப்புப் போட்டுச் சாப்பிடலியா சென்னியப்பா?"

"ஜாடிக்கு அடியிலன்னு சொன்னேன் பாய், ஜாடிக்குள்ளன்னா சொன்னேன்? கேக்கறதை ஒழுங்காக் கேக்கோணும்."

"சரிங்ணா, அந்தக் கடைசியாப் போடறது..." என்றாள் கோகிலவாணி.

"அதுக்குத்தான் வர்றேன். சித்தெ பொறு. அப்புறம் ஃப்ரீஸ்னு ஒண்ணு சொல்லிக் குடுத்தாங்க. மேல் வரிசையை நகராம உறைய வெக்கிறது. எல்லாரும் பொம்மையாட்டப் பொறுமையாப் பண்றாங்க. நான் கொஞ்சம் அழுத்திப் பண்ணிட்டேன். பாத்தா, ஹால்ல முன்வரிசை பூரா அப்படியே நின்னு போச்சு! ஒருத்தர் வடையை வாய்க்குக் கொண்டு போறாரு, கை அந்தரத்துல நிக்குது. மேல ஓடற ஃபேன் நிக்குது. பறக்கற ஈ ஒண்ணு எறக்கையை விரிச்சபடிக்கே காத்துல தொங்குது. நான் அதை விரலால தொட்டே பாத்தேன்."

"உங்க விரல் மட்டும் எப்படிங்ணா ஆடுச்சு?"

"மேல் வரிசையைத்தான உறைய வெச்சேன்? நான் உக்காந்திருந்தது கடைசி பெஞ்சு."

கடைசி பெஞ்சு என்பது நிஜமாகத்தான் இருக்கும் என்று கோகிலவாணி நினைத்துக்கொண்டாள்.

"அந்த வடை என்னாச்சு?" என்றார் பாய்.

"வீணாப் போகலாமுங்களா? ஒரு பத்துத் தட்டு வடையை நானே பாத்து முடிச்சேன். அப்புறந்தான் பாவம்னு விடுவிச்சேன். அந்த ஆளு வெறுங்கையை வாயில வெச்சுக் கடிச்சுப்போட்டு அலறறாரு, வடையில கல்லுன்னு!"

பாய்க்குப் புரையேறியது. கோகிலவாணி தன் பாக்ஸை மூடி எடுத்துக்கொண்டு கம்ப்யூட்டருக்கே போய்விட்டாள். இந்த மனுசரிடம் ஒரு சொல் வாங்குவதற்குள் தாளாளர் வந்து, சிரித்து, எதிர்ப் பட்டறைக்கும் போய்விடுவார். ஒவ்வொரு சாமானாகக் கண்ணாலேயே தேடி விலையைத் தட்ட ஆரம்பித்தாள். அப்படித் தட்டினால் நாளை மறுநாள் முடியும். தனக்குக் கிடைத்திருக்க வேண்டிய நாற்காலியில் உட்கார்ந்து இந்த ஆள் வடை தின்றுவிட்டு வந்திருக்கிறார் என்று நினைக்க நினைக்க விரல் தப்பு தப்பாக விழுந்தது.

கேட்கிற ஆள் ஒன்று குறைந்ததும் சென்னியப்பன் குரலைக் கூட்டினார், அவள் இருக்கிற இடத்துக்கும் எட்டட்டும் என்று.

"ரெண்டாம் நாள் ஒரு காரியம் பண்ணினேன் பாருங்க, அது இந்தியாவுல யாரும் பண்ணலை. எக்செல்லுக்கு அடி எங்க இருக்குதுன்னு பாத்துப்போடறதுன்னு, கீழ போற பட்டனை அமுக்கிட்டே எறங்கினேன். ஆயிரமாவது வரிசை போச்சு, லட்சமாவது வரிசை போச்சு. காது அடைக்குது, குளிர் எடுக்குது, சட்டைப் பட்டன் எல்லாம் போட்டுக்கிட்டேன். கடைசி வரிசையில காலை வெச்சா, அங்க ஒரு ஆளு! தாடி இடுப்புக்கு வந்திருக்குது. பெருந்துறைக்காரராமா. என்னைக்கோ ஒரு நாள் மத்தியானம் அந்தப் பட்டன் மேல முழங்கையை வெச்சுத் தூங்கிட்டாராமா. முழிச்சுப் பாத்தா அங்க இருக்கறாரு. அப்படியே ஒரு டீக்கடை போட்டுட்டாரு."

"யாருக்கு டீ போடறாரு?" என்றார் பாய்.

"எறங்கி வர்றவங்களுக்கு."

"வியாபாரம் எப்படி?"

"நான்தான் மொதப் போணி."

வாசலில் யாரோ கெக்கெக்கென்று சிரித்தார்கள். முதலாளி அர்த்தநாரி. எப்போது வந்தார், எதிலிருந்து கேட்டார், தெரியவில்லை. தாடிக்காரர் கதையில் அவருக்கு வாயெல்லாம் பல். ஆனால் சிரித்து முடித்ததும் கடிகாரத்தைப் பார்த்தார்.

"மச்சான், நீங்க அடி வரைக்கும் போய் வந்தது ரொம்பச் சந்தோசம். சாயங்காலம்னு சொன்ன தாளாளர் கார் இப்பவே பைபாஸ் திரும்பிருச்சாமா. அந்த விலைப் பட்டியலைக் கொஞ்சம் போட்டுக் குடுத்துருங்க. அம்மணி காலையில இருந்து தடுமாறிட்டு இருக்குது."

சென்னியப்பன் கை கழுவப் போனார். ஒரு கைக்கு வேண்டியதைப் போல நாலு மடங்கு நேரம் கழுவினார். துண்டில் துடைத்துக்கொண்டு திரும்பும்போது முகத்தில் ஒரு சோகம் வந்திருந்தது.

"போடலாமுங்க மாப்ளை. கண்ணை மூடித் தொறக்கறதுக்குள்ள போடலாம். ஆனா மூணாம் நாள் நடந்ததை நீங்க கேக்கலியே. அன்டூன்னு ஒண்ணு, தெரியுமுங்களா? தப்பாப் பண்ணினதை ஒண்ணொண்ணாத் திருப்பி இல்லாம பண்றது. எனக்குக் கை கொஞ்சம் வேகம் பாருங்க, நாலஞ்சு தட்டு சாஸ்தியாத் தட்டிப்போட்டேன். மொதல்ல மேடத்தோட நரைமுடி கறுத்துது. சரி, நல்லதுதானேன்னு இன்னும் ரெண்டு தட்டினேன். அவங்க பாவாடை சட்டை போட்ட புள்ளையாயி, சவ்வு முட்டாய் வேணும்னு தரையில உருண்டு அழுகுது! கட்டடத்துல ஒவ்வொரு மாடியாக் கழண்டு போகுது. ஹாலைக் காணோம். தென்னந்தோப்பு. அடுத்த தட்டுக்குத் தோப்பும் போச்சு, காடு. ஒரு யானை என் தோள் மேல தும்பிக்கையை வெச்சு, என்ன எழுதறேன்னு எட்டிப் பாக்குது!"

"யானைக்கு எக்செல் தெரியுமா?" என்றார் பாய்.

"அடிப்படை தெரிஞ்சிருக்கும்னு நெனைக்கறேன். அப்புறம் வேர்த்து விறுவிறுத்து, ஒவ்வொண்ணா எல்லாத்தையும் திரும்பக் கொண்டாந்து சேத்தேன். மேடம் கையெடுத்துக் கும்பிட்டாங்க. 'ஐயா, உங்க கைக்கு இருக்கற வலுவுக்குக் கொஞ்ச நாளைக்குக் கீபோர்டைத் தொட்டுறாதீங்க'ன்னாங்க. வாக்குக் குடுத்துட்டு வந்திருக்கறனுங்க மாப்ளை. இப்ப நான் தொட்டு, கரூரு காடாப் போச்சுன்னா?"

முதலாளி சிரிக்கவில்லை. பாய்தான் முட்டையின் கடைசித் துண்டை வாயில் போட்டுக்கொண்டு சொன்னார். "எல்லாத்தையும் திரும்பக் கொண்டாந்தியே, நீ படிச்சதை மட்டும் அங்கயே விட்டுட்டு வந்துட்டியாட்ட இருக்குதே."

இதற்குள் கம்ப்யூட்டர் முன்னால் வேறு ஒன்று நடந்துகொண்டிருந்தது. கோகிலவாணிக்கு ஆத்திரம் பொங்கி வந்தது. யாரையும் ஒன்றும் சொல்ல முடியாத ஆத்திரம். அதைக் கீபோர்டில் காட்டினாள். கடைசியில் ஒன்று போட வேண்டுமென்றால் அதற்கு முன்னால் ஒரு கமாவாவது வேண்டுமே என்று, சூத்திரத்தின் வாலில் ஒரு கமாவை ஓங்கிக் குத்தினாள். குத்தியதும் கீழே சின்னதாக ஒரு பெட்டி விரிந்தது. அதில் இரண்டே இரண்டு சொல். ட்ரூ. ஃபால்ஸ். மெய்யா, பொய்யா என்று எக்செல்லே கேட்கிறது.

மெய்யாகத்தான் இருக்கும் என்று ட்ரூவைப் போட்டாள். திருகாணி அசையவில்லை, டிரைவர் சீட்டு விலையிலேயே நின்றது. அதை அழித்துவிட்டு ஃபால்ஸைப் போட்டாள். திருகாணி திருகாணி விலைக்கு வந்தது. கீழே இழுத்துவிட்டாள். கண்ணாடி, கைப்பிடி, சீட்டு, தகடு, ஒவ்வொன்றும் தன் தன் விலையோடு போய் உட்கார்ந்தது. எங்கே கண்ணில் தண்ணீர் வந்துவிடுமோ என்று அவள் பேசாமல் பிரிண்டர் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கீழே கார் கதவு சாத்துகிற சத்தம் கேட்டபோது, சூடு ஆறாத தாள் முதலாளி கையில் இருந்தது. அவர் நாலு இடத்தில் விரல் வைத்துச் சரிபார்த்தார். பிறகு இறங்கிப் போனார். தாளாளர் பேரம் பேசினார், காப்பி குடித்தார், மறுபடி பேரம் பேசினார், கடைசியில் ஒத்துக்கொண்டு போனார். முதலாளி மேலே ஏறி வந்து, நின்றபடியே சொன்னார்.

"அடுத்த மாசம் ரெண்டாங்கட்டப் பயிற்சி இருக்குதாமா. அம்மணி, நீ போய்ட்டு வா. மச்சான், அந்த அட்டையைக் கழட்டி அம்மணிகிட்டக் குடுத்துருங்க."

அவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தும்வரை சென்னியப்பன் பொறுத்திருந்தார். பிறகு அட்டையைக் கழற்றிக்கொண்டு மெதுவாகக் கோகிலவாணியின் மேஜைக்கு வந்து, பாய்க்குக் கேட்காதபடி குனிந்தார்.

"அம்மணி, கடைசியில என்னதான் போட்டீங்க?"

"ஃபால்ஸுங்ணா. பொய்."

"அதேதான்!" சென்னியப்பன் மேஜையைத் தட்டினார். "மத்தியானமே நான் அதைத்தான் சொல்ல வந்தேன்!"

"சொல்ல வந்தீங்களா?" என்றாள் கோகிலவாணி. "மத்தியானம் பூரா அதைத்தானுங்ணா சொல்லிட்டு இருந்தீங்க."