ஊன்றிய காலைத் தொழுதவர்

செம்பாறையூர் ஆடல்வல்லானுக்கு நாள்தோறும் காவிரித் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தவர் அடைக்கலனார். கொண்டுவந்தார் என்று சும்மா சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. ஓடி வந்தார், ஐயா! ஆற்றுக்கும் கோயிலுக்கும் ஒரு காதத்துக்கும் மேல் தூரம். கோழி கூவும்போது ஆற்றில் முங்கி எழுந்து, பித்தளைக் குடத்தை நிரப்பித் தோளில் ஏற்றினால், காலைப் பூசை மணி அடிப்பதற்குள் சந்நிதி வாசலில் நிற்க வேண்டும். வழியில் குடத்தைத் தரையில் வைக்கக் கூடாது. வைத்துவிட்டால் அந்தத் தண்ணீர் சுவாமிக்கு ஆகாது. அந்த வழக்கத்தை ஏற்படுத்தியவர்கள் ஒருவரும் குடம் சுமந்தவர்கள் இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

குடத்தைக் குருக்கள் கையில் கொடுத்த பிறகு, அடைக்கலனார் வியர்வை சொட்டச் சொட்டச் சபையின் முன் நிற்பார். வந்தவர்களெல்லாம் கூத்தனின் தூக்கிய திருவடியைப் பார்த்து உருகுவார்கள். இவர் பார்ப்பது ஊன்றிய காலை.

"அம்புட்டுப் பாரத்தையும் ஒத்தக் காலுல தாங்கிக்கிட்டு நிக்கிறியே சாமி, வலிக்கலையா?" என்று மெல்லக் கேட்பார். தினமும் இதே கேள்விதான். வேறு வேண்டுதல் அவரிடம் இருந்ததில்லை.

இப்படிப்பட்டவருக்குத்தான் அந்த உபாதை வந்தது. ஊரை நெருங்கும்போது ஏரிக்கரைத் திருப்பத்தில், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே வலது கெண்டைச் சதை திடீரென்று உருண்டு திரண்டு மாங்கொட்டை போல இறுகிவிடும். உயிர் போகிற வலி. அப்படியே மல்லாந்து விழுவார். விழும்போதும் குடத்தை நெஞ்சோடு அணைத்துக்கொள்வார். முதுகு மண்ணில் கிடக்கும், முழங்கை உரிந்திருக்கும், குடம் மட்டும் தரையைத் தொட்டதில்லை. கொஞ்ச நேரத்தில் சதை தானாக இளகும். எழுந்து நொண்டிக்கொண்டே மறுபடி ஓடுவார்.

பார்த்த ஊர் சும்மா இருக்குமா? ஆளாளுக்கு வைத்தியர் ஆனார்கள். உப்பைக் குறை என்றார் ஒருவர். உப்புக் கரைத்துக் குடி என்றார் இன்னொருவர். தண்ணீர் போதவில்லை என்றார்கள், தண்ணீர் அதிகமாகிவிட்டது என்றார்கள். ஓடத் தெரியவில்லை என்று சொன்னவர், பந்திக்குத் தவிர வேறெதற்கும் வேகமாக நடந்தவர் இல்லை! அடைக்கலனார் எல்லாவற்றையும் செய்து பார்த்தார். பிடிப்பு அதன்பாட்டுக்கு வந்தது.

உண்மையான வைத்தியர் மருதப்பர் மட்டும்தான் நேர்மையாகப் பேசினார். காலை நெடுநேரம் அமுக்கிப் பார்த்துவிட்டு, "எனக்குத் தெரியலப்பா. வேர்த்துக் கொட்டுனவனுக்கும் இழுக்குது, வேர்க்காதவனுக்கும் இழுக்குது. ரொம்பத் தூரம் ஓடுறவங்களுக்கு வருது, அவ்வளவுதான் சொல்ல முடியும். ஏன் வருதுன்னு கேட்டா, தெரியல," என்றார்.

தெரியவில்லை என்பதைத் தாங்கிக்கொள்ள முடியாதவர் ஒருவர் இருந்தார். கோயில் மணியக்காரர் தில்லைவிடங்கர். ஒருநாள் பூசைக்குத் தண்ணீர் தாமதமாக வந்தபோது, கூட்டத்தின் நடுவில் வைத்தே அவர் தீர்ப்புச் சொன்னார்.

"காரணமில்லாம ஒருத்தன் காலை இழுக்குமாடா? எங்கேயோ பாவம் பண்ணியிருக்கே. சாமி உன்னை வேணாம்னு காலைப் பிடிச்சு இழுக்கிறாரு. திருவாதிரை அன்னைக்குப் பார்ப்போம். அன்னைக்கும் இழுத்துதுன்னா, குடத்தை வச்சிட்டுப் போயிடு. இந்த வாசப்படியை மிதிக்காதே."

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார் பாருங்கள்! வயிறு எரிகிறது எனக்கு. அந்தக் குடம்தான் அடைக்கலனாரின் உயிர். அது போனால் அவருக்கு ஊரும் இல்லை, சாமியும் இல்லை. நின்றவர்களில் ஒருவராவது வாயைத் திறந்தாரா? இல்லை. அதற்குப் பிறகு அவர் விழும்போது, குடிக்கத் தண்ணீர் கொடுத்தவர்கள்கூடப் பாவம் ஒட்டிக்கொள்ளும் என்று ஒதுங்கிப் போனார்கள்.

அவர் மனைவி பெரியநாச்சியார்தான் கொதித்தார். "எறும்பைக்கூடச் சுத்திக்கிட்டுப் போற மனுசனுக்குப் பாவமாம்! நீங்களும் வாயில கொழுக்கட்டையை வச்ச மாதிரி நின்னீங்களாக்கும்? ஒரு வார்த்தை கேட்டா என்ன?"

"யுகம் யுகமா ஒத்தக் காலுல நிக்கிறவன் வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லல, நாச்சி. நான் எப்படி வாயைத் தொறப்பேன்?" என்றார் அடைக்கலனார்.

திருவாதிரை வந்தது. அன்றும் ஓடினார். ஏரிக்கரைத் திருப்பம் நெருங்கியது. கரை நெடுகக் கூட்டம். பூசையைப் பார்க்க வந்ததைவிட, இவர் விழுவதைப் பார்க்க வந்தவர்கள் அதிகம்! கெண்டையில் அந்தப் பழைய துடிப்பு தொடங்கியது. சதை சுருளப் போகிறது என்று தெரிந்துவிட்டது. குடத்தை மார்போடு அணைத்துக்கொண்டு கண்ணை மூடினார்.

விழவில்லை. துடிப்பு நின்றது. யாரோ கெண்டையிலிருந்து முடிச்சை உருவி எடுத்துக்கொண்டது போல இருந்தது. கால் லேசாகிவிட்டது. அவர் ஓடினார். கூட்டம் ஏமாந்துபோய்ப் பின்னாலேயே ஓடியது.

அதே வேளையில் சபையில், அபிஷேகத்துக்கு முன் ஈரத்துணியால் திருமேனியைத் துடைத்துக்கொண்டிருந்த குருக்கள், "ஐயோ, சாமி!" என்று அலறினார். ஊன்றிய வலக்காலின் கெண்டையில், வழவழப்பாக இருந்த செம்பு புடைத்து உருண்டு நின்றது. மணியக்காரர் ஓடிவந்து தொட்டுப் பார்த்தார். கொதித்தது. வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார்.

அடைக்கலனார் குடத்தோடு வாசலில் வந்து நின்றார். குருக்கள் சாமியின் காலைக் காட்டினார். அந்த முடிச்சை அவருக்குத் தெரியாதா? அதனோடு எத்தனை நாள் மண்ணில் புரண்டிருக்கிறார்!

"ஐயா, இதைக் கொஞ்சம் பிடியுங்க. கீழ வச்சிடாதீங்க," என்று எதிரில் நின்ற மணியக்காரர் கையில் குடத்தைக் கொடுத்துவிட்டு உள்ளே ஓடினார். தடுக்க ஒருவரும் வரவில்லை. கூத்தனின் கெண்டைக்காலை இரண்டு கையாலும் பற்றி, வீட்டில் நாச்சியார் தமக்கு நீவிவிடுவது போலவே நீவிவிட்டார். அழுகை பொங்கியது. அழுகையோடு கோபமும் வந்தது. வாழ்நாளில் அவர் கோபப்பட்டது அந்த ஒருமுறைதான்.

"உன்னை யாரு இதை வாங்கிக்கச் சொன்னா? நிக்கிற பாரம் போதாதா உனக்கு? என்னுது அது, குடுத்துடு! நான் விழுந்தா எந்திரிச்சுக்குவேன். நீ விழுந்தா உலகம் என்ன ஆவுறது? குடுத்துடு சாமி!"

அவர் கைக்கடியில் முடிச்சு மெல்ல மெல்லக் கரைந்தது. செம்பு மறுபடி வழவழப்பானது.

வாசலில் மணியக்காரருக்கு வியர்த்துக் கொட்டியது. குடத்தின் கனம் தோளை இறக்கியது. கீழே வைக்கவும் முடியாது, வாங்கிக்கொள்ளவும் ஆளில்லை. பின்னால் மூச்சிரைக்க வந்து சேர்ந்த பெரியநாச்சியார், அவர் முகத்துக்கு நேரே நின்று கேட்டார்.

"காலு இழுத்தா பாவம்னீங்களே. சொல்லுங்க, சாமி என்ன பாவம் பண்ணிச்சு?"

தில்லைவிடங்கர் குடத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். கண்ணீர் வந்தது. பூசை முடிகிற வரைக்கும் அவர் தலை நிமிரவே இல்லை.

அதற்குப் பிறகு அடைக்கலனாருக்குப் பிடிப்பு வரவில்லையா என்று கேட்பீர்கள். வந்தது. அவர்தான் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டாரே! ஏன் வருகிறது என்று மருதப்பருக்கும் கடைசிவரை தெரியவில்லை. ஆனால் ஏரிக்கரையில் அவர் சாய்ந்தால், வயலில் நின்றவர்கள் சேற்றுக் காலோடு ஓடிவந்தார்கள். ஒருவர் குடத்தை வாங்கிக்கொள்வார், ஒருவர் காலை நீவிவிடுவார். பல நாள் குடத்தை வாங்கிக்கொள்ள முன்னால் ஓடிவந்தவர் மணியக்காரர்தான்.

தமக்குத் தெரியாததற்கெல்லாம் பாவம் என்று பெயர் வைக்கிற பழக்கம் செம்பாறையூரில் அன்றோடு ஒழிந்தது. ஆண்டவனின் வலியை விசாரித்த அடைக்கலனார் திருவடி போற்றி. ஆண்டவனே கடன் வாங்கிய அந்த வலது கெண்டைக்கும் தனியாக ஒரு போற்றி.