வாத்துகள் கட்டிய பாலம்

பாலம் திறக்கக் குறித்த நாளன்று ஆற்றங்கரையில் இருந்தவர்கள்: காட்டை ஆளும் யானை ஒன்று, அமைச்சர் நரி ஒன்று, மான்கள் பதினொன்று, காட்டுப்பன்றிகள் ஆறு, முயல்கள் ஒன்பது, பாலத்தைக் கட்டிய வெளிநாட்டு வாத்துகள் ஐந்து, வேலையை மேற்பார்க்க அரசு அமர்த்திய முள்ளம்பன்றி ஒன்று. மான்களில் ஒன்று, பிறந்து இரண்டே நாளான குட்டி.

மழை பிடித்துவிட்டால் இக்கரை முழுவதும் மூழ்கிவிடும். போன வருடம் அந்தக் குட்டியின் தாய், தன் முதல் குட்டியை வெள்ளத்தில் பறிகொடுத்திருந்தது. அதனால்தான் பனிமலைக்கு அப்பாலிருந்து வாத்துகளை வரவழைத்து வேலையை ஒப்படைத்தார்கள். பாலத்தைத் தாங்கும் கால்மரங்களை, ஆற்று மணலுக்கு அடியில் பாறை தட்டும்வரை இறக்க வேண்டும் என்பது பேச்சு.

யானை முள்ளம்பன்றியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. அதன் தோளில் கை போட்டு யாரும் சரிக்கட்ட முடியாது.

"நாங்கள் ஏழு நாடுகளில் பாலம் கட்டியவர்கள்," என்றது மூத்த வாத்து.

"அவற்றில் எதிலாவது நடந்திருக்கிறீர்களா?" என்று கேட்டது முள்ளம்பன்றி.

"சிறகு இருக்கும்போது எதற்கு ஐயா நடப்பது?"

"அப்படியானால் சிறகைக் கொடியால் கட்டிக்கொண்டு, யானையோடு நடந்து காட்டுங்கள். அப்புறம் ஒப்புக்கொள்கிறேன்."

வாத்து ஆற்றைப் பார்த்தது. யானையின் காலைப் பார்த்தது.

நரி குறுக்கே வந்தது. தூரத்திலிருந்து வந்தவர்களைச் சந்தேகித்தால் காட்டின் மரியாதை போய்விடும் என்றது. மாலைகூடக் கட்டியாகிவிட்டது என்று முணுமுணுத்தது. தாய்மானும் கெஞ்சியது. மலையில் இடி கேட்கிறது, எப்படியாவது இன்றைக்கே திறந்துவிடுங்கள் என்றது.

முள்ளம்பன்றி தாய்மானுக்கு மட்டும் பதில் சொன்னது. "உன் குட்டி நடுவில் போகும்போது பாலம் விழக்கூடாது, அம்மா. அதற்குத்தான் என்னை வைத்திருக்கிறார்கள்."

மூத்த வாத்து தலைகுனிந்தது. கால்மரங்கள் மணலோடு நின்றுவிட்டதை ஒப்புக்கொண்டது. திருத்தித் தராவிட்டால் இனி இந்த ஆற்றில் இறங்க இடமில்லை என்றது யானை.

அன்றே வேலை தொடங்கியது. வாத்துகள் மூச்சுப் பிடித்து மூழ்கி மணலை அள்ளின. யானை மரங்களை அழுத்தி இறக்கியது. ஒரு மரம் பாறையில் இடித்த சத்தத்தை முள்ளம்பன்றி காதால் கேட்ட பிறகே அடுத்த மரம் இறங்கியது.

மூன்றாம் நாள் காலையில் வெள்ளம் வந்தது. மூத்த வாத்து தானாகவே சிறகைக் கட்டிக்கொண்டு முன்னால் நடந்தது. பின்னால் யானை. பாலம் அசையவில்லை.

"பார்த்தீர்களா, என் பாலம்!" என்று நடுவில் நின்று கூவியது வாத்து. கரையே சிரித்தது. தாய்மான் குட்டியை முன்னால் விட்டு, ஒட்டினாற்போல் நடந்து அக்கரை சேர்ந்தது. மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கடந்தார்கள்.

கட்டுபவர் எவ்வளவு பேர்பெற்றவராக இருந்தாலும், ஊருக்கான பாலத்தைச் சோதித்துப் பார்த்த பிறகே ஏற்க வேண்டும். அன்று மாலை கரை மூழ்கியபோது, இக்கரையில் மிஞ்சியிருந்தவர்களின் எண்ணிக்கை பூஜ்யம்.