மினி டிராக்டருக்குப் பெரிய கை

கொழுந்தூர் ராஜ்யம் ரொம்பச் சின்னது. ராஜா ஒரு எல்லையில் நின்று தும்மினால் மறு எல்லையில் இருப்பவர்கள் ‘நூறாயுசு’ என்பார்கள். குதிரைப்படை உண்டா என்றால், உண்டு. ஒரே குதிரை, அதற்கும் முட்டிவலி. ஆனால் லாயத்தில் ஒரு மினி டிராக்டர் நின்றது. ராஜா காலத்தில் டிராக்டர் ஏது என்று கேட்பவர்கள் இங்கேயே எழுந்து போகலாம். மற்றவர்கள் கேளுங்கள்.

அந்த ஊர் மந்திரி திருமேனிநாதர் பெயருக்கேற்ற பருத்த உடம்புக்காரர். அவர் பரம்பரைக்கு ஓர் உரிமை இருந்தது. ஊர்வலமோ, பந்தியோ, எதுவானாலும் முன்னிடம் அவருக்குத்தான். அவருக்கு முன்னால் யாரும், எதுவும் இருக்கக்கூடாது. பழைய ராஜா இறந்தபோது கொள்ளிச்சட்டி ஏந்திய இளவரசரையே தள்ளிவிட்டு முன்னால் நடந்த மனிதர் அவர். அந்த இளவரசர்தான் இப்போதைய ராஜா, பூபாலசிங்கர்.

அந்த வருஷம் கடைமடை வாய்க்கால் தூர்ந்துபோய்க் கிடந்தது. அணை திறக்கும் நேரம். வாய்க்காலை வெட்டாவிட்டால் நாற்றெல்லாம் கருகிவிடும். டிராக்டரின் பின்னால் மாட்டி மண் தோண்ட ஓர் இரும்புக் கை வாங்கலாம் என்று முடிவானது. வியாபாரி இரண்டு கொண்டுவந்தான். ஒன்று அளவானது. இன்னொன்று யானையையே தோண்டி எடுக்கும்போல இருந்தது.

சபையில் சாமர்த்தியப் பேச்சுக்குப் பேர்போன அரியமுத்து இரண்டையும் சுற்றிவந்து பார்த்தார்.

“மகாராஜா, வண்டி தாங்குகிற பாரத்தைப் பார்த்துத்தான் கை மாட்டணும். சின்னதே போதும்.”

மந்திரி கடகடவென்று சிரித்தார். “கொழுந்தூர் மகாராஜாவுக்குச் சின்னக் கையா? பக்கத்து நாட்டான் பார்த்தால் வாயால் சிரிக்கமாட்டான்!”

ராஜாவுக்கு மீசை துடித்தது. “பெரியதையே மாட்டு!”

மந்திரி அதோடு விடவில்லை. அரியமுத்துவைச் சபையிலிருந்து கிளப்ப வெகுநாளாக நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர் ஆயிற்றே.

“இவ்வளவு விவரம் பேசுகிறவர், நாளைக்கு இந்தக் கையாலேயே வாய்க்காலை வெட்டித் தரட்டும் மகாராஜா. முடியாவிட்டால் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கடைமடைக்கே போய்விடட்டும். சபைப் பக்கம் தலைகாட்ட வேண்டாம்.”

“அப்படியே ஆகட்டும்!” என்றார் ராஜா.

அரியமுத்து யோசித்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தார். வாயால் பிழைப்பவன் மண்வெட்டி பிடித்தால் என்ன ஆவான்? அதைவிட, நாற்று கருகினால் கடைமடை ஜனங்கள் முகத்தில் எப்படி விழிப்பது?

மறுநாள் மேளதாளத்தோடு எல்லாரும் வாய்க்கால் கரைக்கு வந்தார்கள். கூட்டத்துக்கு முன்னால் மந்திரி. டிரைவர் வண்டியைக் கிளப்பினான். அவ்வளவுதான்! இலைக்கு எட்டிப்பார்க்கும் ஆடு மாதிரி டிராக்டர் முன்சக்கரங்களைத் தூக்கிக்கொண்டு நின்றது. ஸ்டியரிங்கைத் திருப்பினால் சக்கரம் காற்றில் திரும்பியது. மந்திரி வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார்.

“முன்னால கொஞ்சம் பாரம் ஏத்தணுங்க” என்று வியாபாரி தலையைச் சொறிந்தான்.

“நல்ல கல்லாகப் பார்த்துக் கட்டுங்கள்” என்றார் ராஜா.

அரியமுத்து இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். “அபசாரம் மகாராஜா! மந்திரியார் நிற்கும்போது ஒரு கல்லுக்கு முன்னிடமா? பரம்பரை உரிமை என்ன ஆவது?”

மந்திரியின் சிரிப்பு பாதியில் நின்றது. “பரவாயில்லை, பரவாயில்லை. கல்லையே வையுங்கள்!”

“அப்படியானால் உரிமையை விட்டுவிட்டேன் என்று இந்த ஜனங்கள் முன்னால் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். இனிமேல் கல்லு முன்னால், நீங்கள் பின்னால்.”

மந்திரி ஜனங்களைத் திரும்பிப் பார்த்தார். முன்னிடத்தை விடுவதா? உயிரை விட்டாலும் விடுவார், அதை விடுவாரா! மென்று விழுங்கிக்கொண்டு டிராக்டரின் மூக்கில் ஏறி உட்கார்ந்தார். முன்சக்கரங்கள் தொப்பென்று தரையைத் தொட்டன. கூட்டம் ஆரவாரம் செய்தது.

அப்புறம் வேலை மளமளவென்று நடந்தது. பின்னால் கை மண்ணைக் கடிக்கும்போதெல்லாம் முன்னால் மந்திரி ஒரு துள்ளு துள்ளினார். பொழுது சாய்வதற்குள் வாய்க்கால் வெட்டி முடிந்தது. தலைப்பாகை எங்கே, மந்திரி எங்கே என்று தெரியாதபடி ஒரே புழுதி. நாற்றங்கால் பிழைத்ததென்று கடைமடைக்காரர்கள் குலவையிட்டார்கள்.

ராஜா பூரித்துப்போனார். “பார்த்தாயா அரியமுத்து, பெரிய கை எப்படி வேலை செய்தது!”

“கையை ஏன் மகாராஜா புகழ்கிறீர்கள்? மந்திரியாரின் பாரத்தை இந்த நாடு இத்தனை காலம் சும்மா சுமந்தது. இன்றைக்குத்தான் அதனால் ஒரு பிரயோஜனம் கிடைத்தது.”

மந்திரி இடுப்பைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினார். “மகாராஜா, சின்னக் கையையே வாங்கிவிடலாம். வண்டிக்கு அதுதான் பொருத்தம்.”

“சரி, வாங்கலாம். ஆனால் அரியமுத்து, அதற்கும் மந்திரி முன்னால் உட்கார வேண்டுமா?”

“வேண்டாம் மகாராஜா. அளவாக வாங்கினால் மந்திரியே வேண்டாம்.”

கொள்ளிச்சட்டியோடு தள்ளாடிய நாள் ராஜாவுக்கு நினைவு வந்ததோ என்னவோ, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி அரியமுத்துவுக்குப் போட்டார். அன்று அரண்மனைக்குத் திரும்பிய ஊர்வலத்தில் மந்திரி, யாரும் சொல்லாமலே, கடைசி ஆளாக நொண்டிக்கொண்டு வந்தார்.