காவேரி மெதுவாப் போற எடம்

ஒரு ஊர்ல ஒரு பொண்ணு இருந்தாளாம், பேரு சிந்தாமணி. பொறந்தது காவேரிக்குத் தெக்குக் கரை, கட்டிக்குடுத்தது வடக்குக் கரை. நடுவுல ஆறு. ம் கொட்டு, அப்பத்தான் சொல்லுவேன்.

அவ ஆத்தா காத்தாயி தெனம் சாயங்காலம் ஒரு மஞ்சச் சேலையை அக்கரை நாணல் மேல விரிச்சுப் போடுவா. 'நான் நல்லா இருக்கேன்டி'ன்னு அர்த்தம். அதைப் பாத்துட்டுத்தான் இவ அடுப்பே பத்தவெப்பா.

அந்த வருஷம் வந்துச்சு பாரு வெள்ளம், ஹோஓஓன்னு! பரிசலையெல்லாம் அடிச்சுக்கிட்டுப் போயிருச்சு. அப்புறம் தண்ணி வடிஞ்சுது. ஆனா சேலையைக் காணோம். மறுநாளும் காணோம். இவ அடுப்பே பத்தவெக்கல.

"ஆத்தாளுக்கு என்னமோ ஆயிருச்சு, நான் போயே ஆவணும்"னா.

"நீஞ்சத் தெரியாதவ எப்படிடி போவ?"ன்னா மாமியா.

கைப்புள்ளையை மாமியா கையில குடுத்துட்டு, ஒரு மூங்கில் கழியை எடுத்துக்கிட்டு கெளம்பிட்டா.

மொதல்ல எங்க போனா? கல்யாணம் முடிச்சு நடந்து வந்தாளே, அந்தத் துறைக்கு. அப்போ கோடை, கொலுசுதான் நனைஞ்சுது. அதே எடந்தானேன்னு கால் வெச்சா... பொளக்! கழுத்து வரைக்கும்! வெள்ளம் அந்த மண்ணை வாரிக்கிட்டுப் போனது அவளுக்கு எப்படித் தெரியும்? தத்தித் தடுமாறி கரை ஏறுனா.

அப்புறம் ஆறு குறுகலாப் போற எடத்துக்குப் போனா. ரெண்டு பக்கமும் பாறை. ஆத்தா வீட்டு வாழைமரம்கூடத் தெரியுது. நாலு எட்டுதானேன்னு கழியை விட்டா... சர்ர்ர்ர்! கழி போகுது, போகுது, அடியைத் தொடவே இல்ல. அங்கேயே உக்காந்து ஓன்னு அழுதா.

அப்போ காவேரி கேட்டுச்சாம், "ஏண்டி அழுவுற?"

"எங்க ஆத்தாளைப் பாக்கணும். நீ ஏன் எடத்துக்கு எடம் ஆழத்தை மாத்தி ஏமாத்துற?"

"நானும் பொறந்த வீட்டை விட்டு வந்தவதாண்டி. மேக்க மலை இருக்கே, அதான் எங்க வீடு. பாறை நெருக்குனா ஓடுறேன், ஓடுற வேகத்துல அடியைத் தோண்டிடுறேன். அகலமா எடம் கெடச்சா வீட்டை நெனச்சுக்கிட்டு மெதுவாப் போவேன். மடியில கட்டிக் கொண்டாந்த மலை மண்ணு அங்கதான் சிந்தும். வெள்ளம் வந்தா அதுவும் எடம் மாறிரும். நான் எங்க மெதுவாப் போறேன்னு பாரு, போ."

ம்? முழிச்சுக்கிட்டுத்தான் இருக்கியா?

அப்புறம் மூணாவதா, ஆறு அகண்டு கெடக்குற எடத்துக்குப் போனா. யம்மாடி, அக்கரையே புள்ளியாத் தெரியுது! பயந்துக்கிட்டே கழியை விட்டா. டொக். முழங்கால்தான். இன்னொரு எட்டு, டொக். முழங்கால்தான். சலக் சலக்னு நடந்தா.

நடு ஆத்துக்கு வந்தா எதுத்தாப்புல ஒரு உருவம். அது கையிலயும் கழி. டொக், டொக்... யாருங்கிற? காத்தாயி!

"சேலை எங்க ஆத்தா? உசுரே போயிருச்சு எனக்கு!"

"உன்கிட்ட வர்றதுக்குத்தான் விடிஞ்சா அடைஞ்சா ஆழம் பாத்துக்கிட்டு அலையுறேன். சேலையை விரிக்க வீட்ல ஆள் எங்கடி இருக்கு?"

காத்தாயி தலையில கட்டிக் கொண்டாந்த பொட்டலத்தைப் பிரிச்சு, தண்ணியில நின்னுக்கிட்டே ஆளுக்குப் பாதி பொரிவிளங்கா உருண்டை தின்னாங்க. கடுக்கு முடுக்குன்னு. பேசுனாங்க, பேசுனாங்க, பாதிகூட முடியல. அப்போ காலைச் சுத்தித் தண்ணி செவந்துச்சு.

"மலையில மழைடி. புதுத் தண்ணி வருது, ஓடு!"

"என்கூட வந்துரு ஆத்தா."

"கரையோரம் ஆட்டைக் கட்டிப் போட்டுட்டு வந்திருக்கேன். உன் புள்ளையும் பசிக்கு அழுவான். போடி கண்ணு."

இவ வடக்க, அவ தெக்க. திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே போனாங்க. சாயங்காலம் நாணல் மேல மஞ்சச் சேலை கெடந்துச்சு. சிந்தாமணி அடுப்பைப் பத்தவெச்சுட்டு அழுதா.

அந்த வெள்ளம் வடிஞ்சப்போ, காவேரி அந்த எடத்துல இன்னும் மெதுவாப் போச்சாம். மடியில இருந்த மண்ணை மொத்தமா அங்கயே கொட்டிருச்சாம். ஏன்னு கேளு. அவங்க பேச்சு பாதியில நிக்குதுல்ல, வந்து முடிக்க வேணாமா?

கதை கரை ஏறிருச்சு. நீ கண்ணை மூடு, ராசா.