மௌனக் குழி

“எனக்கு மட்டும் ஏனம்மா உத்தரவு இல்லை?”

தாண்டவராயர் மூன்றாவது முறையாகக் கேட்டார். வயது அறுபத்தொன்று.

மடத்துக்குத் தலைவியாகப் புதிதாய் வந்திருந்த உலகம்மைக்கு நாற்பதுகூட ஆகவில்லை. அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“குழியில் உட்காரத்தானே கேட்கிறேன்.”

மடத்தின் பின்னால், குகைக்குள் இருந்தது அந்த மௌனக் குழி. இரண்டு ஆள் ஆழம். பக்குவப்பட்டவர் பலகையில் அமர்வார், கயிற்றில் இறக்குவார்கள். மூன்றாம் நாள் தூக்கும்போது சமாதி கூடியிருப்பார். இதுவரை நான்கு பேர். உள்ளே விளக்கு ஆகாது, பேச்சு ஆகாது. உச்சிப்பொழுதில் பாறைப் பிளவு வழியே கொஞ்சம் வெயில் விழும், அவ்வளவுதான்.

அதற்குள் ஓர் எறும்புகூடக் கிடையாது. போன மாதம் போட்ட மாலை இன்னும் அழுகாமல் கிடந்தது. ஒருநாள் வௌவால் ஒன்று விழுந்து அப்படியே அடங்கிப்போனது. அதற்கும் முக்தி என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பக்தி முற்றினால் கேட்கவா வேண்டும்.

“மருதவாணரும் நானும் ஒரே நாள்ல இங்க வந்தவங்க. போன வருஷம் அவருக்கு உத்தரவு கிடைச்சுது, போய்ச் சேர்ந்துட்டார். நான் இன்னும் சாம்பார் கிளறிக்கிட்டு இருக்கேன்.”

நண்பர் இல்லாத வெறுமை அவரைத் தின்றுகொண்டிருந்தது. பொறாமையும் உண்டு. அதை அவர் மறைக்கவும் இல்லை.

“குழிக்குள்ள என்ன இருக்கு?” என்றாள் உலகம்மை.

“ஒண்ணுமில்லம்மா. சூனியம்.”

“கல்லா, தண்ணியா, காத்தா?”

“மூணும் அடங்கின இடம்.”

அவள் கீரையை ஒதுக்கிவிட்டு எழுந்தாள். கயிறு கட்டிய குடம் ஒரு கையில், ஏற்றிய அகல் மறு கையில்.

தாண்டவராயர் பின்தொடர, குகைக்குள் போய் அகலைக் குழியோர மேட்டில் வைத்தாள். குடத்தைக் குழிக்குள் விட்டு, அடியில் சரித்து, மெல்ல இழுத்தாள். கிணற்றில் தண்ணீர் சேந்துகிற அதே நிதானம்.

“பாருங்க.”

காலிக் குடம். கையை விட்டுத் துழாவினார், ஈரமில்லை. குனிந்தபோது சோடா குடித்ததுபோல மூக்கில் சுருக்கென்று ஏறியது. மடத்தில் அதைச் சமாதி வாசனை என்பார்கள்.

அவள் குடத்தை அகலின்மேல் சாய்த்தாள்.

எதுவும் விழவில்லை. எந்தச் சத்தமும் இல்லை.

சுடர் அணைந்தது.

தாண்டவராயர் பாறைப் பிளவைப் பார்த்தார். “காத்தடிச்சிருக்கும்.”

“நீங்களே ஏத்துங்க.”

ஏற்றினார். இரண்டு கையாலும் மறைத்துக்கொண்டார். அவள் மறுபடி மொண்டு வந்து, அந்தக் கைகளுக்கு நடுவே ஊற்றினாள். சுடர் அடங்கிப் புகை மட்டும் எழுந்தது.

“என்னம்மா இது?”

“காத்துதான். நாம வெளிய விடுற மூச்சுல இருக்கிறதே, அது. இந்தப் பாறைக்குள்ளேருந்து கசியுது. கனமானது. மேல போகாம, தண்ணி மாதிரி பள்ளத்துல தேங்கி நிக்குது.”

அவர் குழியை எட்டிப் பார்த்தார். வெயில் தரைவரை விழுந்திருந்தது. அடியில் கிடந்த மாலை தெளிவாகத் தெரிந்தது. பயமாக இருந்தது.

உலகம்மை குடத்தைக் கீழே வைத்தாள்.

“மருதவாணரை இறக்கினப்ப நீங்க இருந்தீங்களா?”

“நான்தான் கயிறு பிடிச்சேன்.”

“கடைசியா ஏதாவது சொன்னாரா?”

“பேசக் கூடாதே. அண்ணாந்து என்னைப் பார்த்தார். வலது கையைத் தூக்கினார்.”

“நீங்க?”

தாண்டவராயர் அணைந்த அகலைப் பார்த்தார்.

“ஆசீர்வாதம்னு நெனச்சேம்மா. கயித்தைத் தூண்ல கட்டிட்டு, ரெண்டு கையாலயும் கும்பிட்டேன்.”