வீக்கம் வாங்கிய ஏச்சு

ஒரு காலத்தில் பூவலிங்கத்தின் இடது காலுக்குள் நல்ல நடமாட்டம் இருந்தது. வீடுகளுக்கு வர்ணம் அடிக்கிறவன் அவன். சாரத்தில் ஏறி இறங்கும்போதெல்லாம் கெண்டைச்சதை ரத்தத்தை மேலே தள்ளிவிடும். சாரம் சரிந்து அவன் முதுகுத்தண்டு முறிந்து கால்கள் செயலற்றுப்போன நாளோடு அந்த வேலை நின்றது. தள்ள ஆளில்லாத ரத்தம் குழாய்க்குள் தேங்கியது.

தேங்கிய இடத்தில் ஒரு ரத்தக்கட்டி குடியேறியது. சத்தம் போடாது, வம்புக்குப் போகாது. பார்த்தால் பரம சாது. அதன் பக்கத்தில் பிறந்ததுதான் வீக்கம்.

வீக்கத்துக்குக் கட்டியின் மேல் ஆரம்பத்திலிருந்தே சந்தேகம். "இங்கேயேதான் இருப்பாயா?" என்று கேட்டது.

"யாராவது கொஞ்சம் தள்ளிவிட்டால் கிளம்பிவிடுவேன். நுரையீரலுக்குப் போய் வாசலை அடைத்துக்கொண்டு உட்காரலாமென்று இருக்கிறேன்" என்றது கட்டி.

பதறிப்போன வீக்கம் வலியைக் கூப்பிட்டது. மூளைக்குச் சேதி கொண்டுபோவது வலியின் வேலை. அது முதுகுவரை ஓடிப் பார்த்துவிட்டுத் திரும்பியது. பாலம் உடைந்து கிடக்கிறது, எவ்வளவு கத்தினாலும் அக்கரைக்குக் கேட்கவில்லை என்று சொல்லி மூலையில் உட்கார்ந்து அழுதது.

அழுது என்ன ஆகப்போகிறது? காதுக்குக் கேட்காவிட்டால் கண்ணுக்காவது தெரிந்தாக வேண்டும் என்று வீக்கம் முடிவு கட்டியது. மூச்சைப் பிடித்துக்கொண்டு பருத்தது.

அன்று காலை, பூவலிங்கத்தின் மனைவி மாரீஸ்வரியின் அண்ணன் சோணைமுத்து வந்திருந்தார். கால் பருத்திருப்பதை அவர்தான் முதலில் பார்த்தார். வலிக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றான் பூவலிங்கம். வலி இல்லையென்றால் வெறும் நீர்தான், அழுத்தி நீவிவிட்டால் வடிந்துவிடும் என்று நல்லெண்ணெயைச் சூடாக்கச் சொன்னார். நம் வீடுகளில் பாசம் எப்போதும் எண்ணெய்க் கிண்ணத்தோடுதானே வரும்.

கட்டி மூட்டை முடிச்சோடு தயாராக நின்றது.

வீக்கத்துக்குப் பாதி உயிர் போய்விட்டது. தன்னைப் பார்த்துவிட்டு இவர்கள் செய்யப்போகிற வைத்தியமே அவனுக்கு எமனாகிவிடுமே என்று துடித்தது. இருந்தாலும் விடவில்லை. முழங்காலைத் தாண்டி ஏறியது. தோலில் சூட்டைக் கிளப்பியது.

கிண்ணத்தோடு வந்த மாரீஸ்வரி வேட்டியை விலக்கியதும் அப்படியே நின்றாள். இரண்டு கால்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். வலது கால் குச்சியாகக் கிடந்தது. இடது காலைத் தொட்டாள், சுட்டது. வெறும் நீர் என்றால் ஒரு கால் மட்டும் ஏன் வீங்க வேண்டும் என்று யோசித்தாள். சோணைமுத்து அதற்குள் கிண்ணத்தில் விரலை விட்டுவிட்டார்.

"அண்ணே, கால்ல கை வைக்காதீங்க."

"வலிக்கலன்னு மாப்ளயே சொல்றாருல்ல, தாயி?"

"அந்தக் கால்ல கொள்ளிய வச்சாலும் அவருக்கு வலிக்காதுண்ணே. வண்டியக் கூப்பிடுங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

ஸ்கேனில் கட்டி அகப்பட்டது. நீவியிருந்தால் நுரையீரலுக்குப் போய் ஆளையே முடித்திருக்கும் என்றார் டாக்டர். சோணைமுத்து எண்ணெய் பட்ட விரல்களை வேட்டியில் துடைத்துக்கொண்டே இருந்தார். ஊசி மருந்து உள்ளே வந்து கட்டியை வளரவிடாமல் மடக்கியது. அது கொஞ்சம் கொஞ்சமாகக் கரையத் தொடங்கியது.

நாளாக ஆக வீக்கத்துக்கும் அங்கே வேலை குறைந்தது. ஒரு நாள் துணி மாற்றும்போது மாரீஸ்வரி காலைப் பார்த்துவிட்டு, "சனியன் பிடிச்ச வீக்கம், இப்பத்தான் ஒழியுது" என்றாள்.

மிச்சமிருந்த வீக்கம் அந்த ஏச்சையும் வாங்கிக்கொண்டு, நிம்மதியாக வடிந்து போனது.