வசந்தத்துக்கு எடுத்த விழா

கேளுங்கள். தெருவுக்கு ஒரு ராஜா இருந்த காலம் அது. மருதஞ்சோலை நாட்டைக் கொற்றவேலன் என்ற ராஜா ஆண்டான். ஆண்டான் என்றால், பெரும்பாலும் கொட்டாவி விட்டான்.

முதலில் அவனுக்குப் பசி போனது. பிறகு தூக்கம் போனது. பிறகு சிரிப்பும் போனது. மீசை மட்டும் மிச்சம். வைத்தியர் கொடுத்த கஷாயத்தைச் சன்னலுக்கு வெளியே ஊற்றினான். அங்கே நின்ற கீரை நன்றாக வளர்ந்தது. இப்படியே போனால் ராஜா ஆடி மாதத்தைப் பார்க்க மாட்டார் என்று வைத்தியர் ராணி அல்லியங்கோதையிடம் சொல்லிவிட்டார்.

அந்த வழியாக வந்த சாமியார் ஒருவர் மூன்று வாழைப்பழம் தின்றுவிட்டு ராஜாவிடம் சொன்னார்: "பங்குனி பிறந்துவிட்டது. வெளியே போய் வசந்தத்துக்கு நன்றி சொல். உயிர் தளிர்க்கும்."

ராஜாக்கள் வெளியே போவதில்லை. வசந்தத்தை உள்ளே கொண்டுவரச் சொன்னான்.

முதல் நாள் அரண்மனைத் தோட்டத்தில் பூத்த கிளைகளை வெட்டினார்கள். போதாது என்றான். இரண்டாம் நாள் ஊரில் வெட்டினார்கள். போதாது என்றான். மூன்றாம் நாள் மாந்தோப்புகளில் பூங்கொத்துகளை ஒடித்துத் தோரணம் கட்டினார்கள். குளத்துக்கு மேல் சாய்ந்து நின்ற ஒரு புங்கமரம் மட்டும் தப்பியது. ஏறியவன் தண்ணீரில் விழுந்துவிட்டான்.

நன்றி சொல்லப் போகும் வீட்டைக் கொள்ளையடித்துவிட்டா போவார்கள் என்று ராணி கேட்டாள். மந்திரிகள் இருமினார்கள்.

விழா தொடங்கியது. மூக்குவரை மாலை போட்டுக்கொண்டு ராஜா நன்றிப் பாட்டைப் படித்தான். வரிக்கு வரி அவன் பெயர்தான். வசந்தத்தின் பெயர் கடைசியில் ஒரு தடவை, அதுவும் இடம் மிச்சமிருந்ததால்.

அப்போது, பூ காணாமல் நாடெல்லாம் அலைந்த தேனீக்கள் சபைக்குள் வந்தன. அவற்றுக்கு அரச மரியாதை தெரியாது. மந்திரிகள் சிம்மாசனத்துக்கு அடியில் புகுந்தார்கள். ராஜா ஓடினான். மாலைகளை எறிந்தான், கிரீடத்தை எறிந்தான், குளத்துச் சேற்றில் கழுத்துவரை புதைந்தான்.

கொட்டிய கடுப்பு அடங்கும்வரை அசைய முடியவில்லை. ஒரு கண் வீங்கி மூடிக்கொண்டது. மற்றக் கண்ணுக்கு நேர் மேலே புங்கமரம். தளிர்கள் எண்ணெய் தேய்த்தாற்போல மின்னின. ஒரு பூ அவன் மூக்கில் உதிர்ந்தது. இன்னொன்று. பிறகு பொலபொலவென்று. துரத்தி வந்த அதே தேனீக்கள் கிளையில் உட்கார்ந்து தங்கள் வேலையைப் பார்த்தன. அவனை யாரும் கவனிக்கவில்லை. பிறந்ததிலிருந்து அவனை யாரும் கவனிக்காத முதல் பொழுது அது. நன்றாக இருந்தது. திறந்திருந்த கண்ணில் தண்ணீர் வந்தது.

ராணி தேடிக்கொண்டு வந்தாள். "அரசே, நன்றிப் பாட்டு பாதியில் நிற்கிறது."

"மெதுவாகப் பேசு. இப்போதுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்," என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "கோதை, பசிக்கிறது," என்றான்.

ராணி ஓடிப்போய்ப் பழைய சோறு கொண்டுவந்தாள். கூட மாவடு கேட்டான்.

"மாவடு ஆகவேண்டியதெல்லாம் வாசலில் தோரணமாக வாடுகிறது," என்றாள்.

உப்பைத் தொட்டுக்கொண்டு மூன்று கும்பா தின்றான். அந்த வருஷம் நாட்டில் ஒரு வீட்டிலும் ஊறுகாய் இல்லை. குடிமக்கள் ராஜாவை எப்படி வைதார்கள் என்பதை, சிறுபிள்ளைகள் இருப்பதால் சொல்லாமல் விடுகிறேன். அவன் மட்டும் ஒவ்வொரு பங்குனியிலும் கிரீடத்தை வீட்டில் வைத்துவிட்டு அந்தச் சேற்றில் போய் உட்கார்ந்தான்.

இதனால் தெரிந்துகொள்வது: வசந்தத்துக்கு நன்றி சொல்ல நினைப்பவர் பூவைப் பறித்துவராமல், பூத்த இடத்துக்குத் தாமே போய்ச் சும்மா இருக்க வேண்டும்.